கல்லாப்பெட்டியை விட்டு ஒரு மணி நேரம்

யோகாசன வகுப்புக்குப் போகும் வணிகர்கள் சொல்லும் அனுபவங்கள்

நம் வணிகர்களில் எவரைக் கேட்டாலும் துவரம் பருப்பு எத்தனை மூட்டை இருக்கிறது, மிளகாய் வத்தல் என்றைக்குத் தீரும், எந்த வாடிக்கையாளர் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் பேரேட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவார். உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் பதில் வராது. "அதெல்லாம் எதுக்குங்க, நல்லாத்தானே இருக்கேன்" என்று சிரித்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார். ஆண்டுதோறும் சரக்கு இருப்பு எடுக்கிறோம். தராசுக்கு முத்திரை போட்டு வாங்குகிறோம். அந்தத் தராசுக்குப் பின்னால் பதினான்கு மணி நேரம் நிற்கிற உடம்பை மட்டும் யாரும் சரிபார்ப்பதில்லை.

சென்னையில் உள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிலையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். வயது வந்தோரில் நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்கு இரத்தக் கொதிப்பு. வேளைக்குச் சாப்பாடு கிடையாது, நடை கிடையாது, தூக்கம் குறைவு, கவலை அதிகம் என்று வாழ்கிற நம் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லாமல் இருக்க முடியுமா?

இந்தக் கேள்வியோடுதான் மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் நடக்கும் யோகாசன வகுப்புக்கு வருகிற வணிகர்கள் சிலரை நமது இதழுக்காகச் சந்தித்தோம். அவர்கள் தங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். "வியாதியைப் பத்திப் பேசுறோம், பேரைப் போட்டா கடைக்கு வர்றவங்க எல்லாம் அதையே விசாரிப்பாங்க" என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். எனவே பெயரில்லாமல் அனுபவங்களை மட்டும் தருகிறோம்.

மாடியில் ஒரு ஜமுக்காளம்

பெரிய நிலையம் என்று நினைத்துக்கொண்டு யாரும் போக வேண்டாம். கீழே வெங்காய மண்டி, மேலே ஒரு நீளமான கூடம். நாலு ஜமுக்காளம், சுவரோரம் பத்துப் பன்னிரண்டு மடக்கு நாற்காலி, மூலையில் மடித்து வைத்த போர்வைகள். கண்ணாடி கிடையாது, குளிர்சாதனம் கிடையாது. நடத்துபவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரோ ஐம்பது வயதுக்காரரைக்கூட அண்ணாச்சி என்றுதான் அழைக்கிறார்.

மொத்த வியாபாரிகளுக்குக் காலை ஐந்தேகாலுக்கு ஒரு வகுப்பு. அவர்கள் கடை திறப்பது தாமதம் என்பதால் அந்த நேரம் ஒத்துவருகிறது. சில்லறை மளிகைக்காரர்களுக்கு அது முடியாது. பால் வரும் நேரம் அது. அவர்களுக்காகவே பிற்பகல் மூன்றரை மணிக்கு இன்னொரு வகுப்பு வைத்தார் மாஸ்டர். சாப்பிட்ட வயிற்றோடு ஆசனம் கூடாது என்பதால் அந்த வகுப்புக்கு வருகிறவர்கள் பன்னிரண்டு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. "ஆசனம் வந்துச்சோ இல்லையோ, இருபது வருஷத்துல முதல் தடவையா மத்தியானச் சாப்பாடு மத்தியானத்துல சாப்பிடறேன்" என்கிறார் ஒரு மளிகைக்காரர். அதுவரை அவர் சாப்பிட்டது மூன்றரை மணிக்கு, அதுவும் கல்லாவில் உட்கார்ந்தபடி.

புதிதாக வருபவரை மாஸ்டர் முதல் நாளே கையைக் காலை மடக்கச் சொல்வதில்லை. ஒரு சிட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். தராசு எந்தப் பக்கம் இருக்கிறது, மூட்டையை எந்தத் தோளில் வாங்குவீர்கள், மேல் பலகையில் இருந்து டப்பா எடுக்க எட்டுவீர்களா, ஸ்டூல் போடுவீர்களா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்பீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஏதாவது அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார். நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்த சீட்டு வேண்டும். இந்தச் சீட்டுக்காகப் பரிசோதனைக்குப் போய்த்தான் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது என்று மூன்று பேர் நம்மிடம் சொன்னார்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கிடைத்த பலன் இது.

மூட்டை தூக்கிய முதுகு

வகுப்பில் அதிகம் பேர் வந்தது முதுகுவலிக்காகத்தான். ஐம்பத்திரண்டு வயதான ஓர் அரிசிக் கடைக்காரர் பன்னிரண்டு வயதில் மாமா கடைக்கு வேலைக்கு வந்தவர். அப்போது மூட்டை என்றால் 100 கிலோ. இரண்டு பேர் தூக்கி விட, ஒருவர் சுமப்பார். பிறகு 75 ஆகி, 50 ஆகி, 25 ஆனது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபோது 26 கிலோ சிப்பம் புறப்பட்ட கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

"மூட்டை குறைஞ்சுச்சு, வலி குறையலை" என்கிறார் அவர். காரணத்தை மாஸ்டர் ஒரு காலிச் சாக்கை வைத்து விளக்கினாராம். கனம் மட்டும் முதுகைக் கெடுப்பதில்லை. முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிவது, சுமையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடிப்பது, தூக்கியபடியே இடுப்பைத் திருப்பி வைப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் 10 கிலோ சர்க்கரைப் பையே போதும். அவர் இரண்டு வாரம் செய்தது ஒன்றே ஒன்றுதான்: நாற்காலியில் உட்கார்ந்து, முதுகு நேராக இருக்கும்படி முன்னால் சாய்ந்து எழுவது. அதற்குப் பிறகுதான் பூனை முதுகை வளைப்பது போன்ற மார்ஜாரி ஆசனம், குப்புறப் படுத்து மார்பை மெல்லத் தூக்கும் புஜங்காசனம், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேது பந்தாசனம் என்று ஒவ்வொன்றாக வந்தது.

இப்போது ஒன்றரை ஆண்டாகிறது. வலி அடியோடு போய்விட்டதா என்று கேட்டோம். "போகலைங்க. ஆனா முன்னால வாரத்துல நாலு நாள் இருந்தது, இப்ப மாசத்துல ரெண்டு நாள். வந்தா என்ன செய்யணும்னு தெரியுது. பயம் போயிருச்சு" என்றார். நிறுத்து அளந்த பதில்.

மருத்துவ ஆய்வுகள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட நெறிமுறையில், நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றுள் யோகாவையும் சேர்த்தது. அதே ஆண்டு 320 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், பன்னிரண்டு வார யோகா வகுப்பு இயன்முறை மருத்துவத்துக்குக் குறைவில்லாத பலன் தந்தது தெரியவந்தது. ஆனால் 2011இல் 228 பேரை வைத்து நடந்த இன்னோர் ஆய்வு ஒரு முக்கியமான சங்கதியையும் சொன்னது. யோகா செய்தவர்களும், ஆசிரியர் வைத்துச் சாதாரணமாகத் தசையை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களும் ஒரே அளவுக்குத்தான் குணமடைந்தார்கள். புத்தகத்தைக் கொடுத்து வீட்டில் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று விடப்பட்டவர்களைவிட இரண்டு கூட்டத்தாரும் மேல். ஆக, மந்திரம் எதுவும் இல்லை. ஒழுங்காக ஓர் இடத்துக்குப் போய், தெரிந்த ஒருவர் கண்முன்னால், விடாமல் செய்வதில்தான் பலன் இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினாலோ அது வகுப்புக்குப் போக வேண்டிய வலியல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வலி.

நின்றே கழியும் நாள்

பிற்பகல் வகுப்பில் பெண்களுக்குத் தனி நேரம் உண்டு. மாஸ்டரின் மனைவி நடத்துகிறார். அங்கே வரும் ஒரு பெண்மணி, கணவர் காலமான பிறகு ஒன்பது ஆண்டுகளாகத் தனியாக மளிகைக்கடை நடத்துகிறவர். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, சாயங்காலமானால் கால் கனத்து, பாதம் வீங்கிப்போகும்.

"ஆளு நிக்கும்போது நான் உட்கார்ந்தா மரியாதையில்லைன்னு நினைச்சேன். உட்கார ஸ்டூலும் போட்டுக்கலை" என்றார். வகுப்பில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது மிக எளியது. சுவரோரம் படுத்துக் கால்களைச் சுவரின் மீது உயர்த்தி வைத்து, பத்து நிமிடம் மூச்சைக் கவனிப்பது. கடையில் நிற்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்குவது. கெண்டைத்தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் தேங்கிய இரத்தம் மேலே ஏறும். அசையாமல் நின்றால் ஏறாது. சுருட்டிய நரம்பு ஆசனத்தால் நேராகிவிடாது என்பதையும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு மருத்துவரிடம் காட்டிக் காலுறை வாங்கிப் போட்டிருக்கிறார். வீக்கமும் கனமும் குறைந்திருக்கிறது.

அவர் சொன்ன அடுத்த சங்கதிதான் நம்மை யோசிக்க வைத்தது. "எனக்குக் கால் வலிக்குதுன்னு ஒரு மணி நேரம் கிளாசுக்கு வந்துடறேன். கடையில நிக்கிற பொண்ணுக்கும் கால்தானே? அப்புறம்தான் ரெண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு."

இதை நாம் இரக்கம் சார்ந்த விஷயமாக மட்டும் நினைத்துவிடக்கூடாது. சட்டமும் இதையே சொல்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடியதன் பயனாகக் கேரளம் 2018இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. பணியாளர் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கிடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம், நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது என்பதே அதன் சாரம். நம் கடைகளில் எத்தனை கடைகளில் கல்லா நாற்காலியைத் தவிர வேறு இருக்கை இருக்கிறது என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறோம்.

மாத்திரையை நிறுத்தலாமா?

வகுப்புக்கு வருகிறவர்கள் மாஸ்டரிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அவர் அதிகம் கோபப்படும் கேள்வியும் இதுதான். "நான் ஆசனம் சொல்லிக் கொடுக்கிறவன். மாத்திரை எழுதிக் கொடுத்தவர் யாரோ அவரைப் போய்க் கேளுங்க அண்ணாச்சி" என்பார்.

ஒரு மிளகாய் மண்டி உரிமையாளருக்கு ஆறு மாதப் பயிற்சியில் இரத்த அழுத்தம் குறைந்தது. எடையும் ஐந்து கிலோ குறைந்தது. மருத்துவரே பார்த்து மாத்திரையின் அளவைக் குறைத்தார். இதைக் கேள்விப்பட்ட அவர் நண்பர் தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வகுப்புக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார். வாரந்தோறும் அழுத்தம் பார்க்கும் வழக்கம் அந்த வகுப்பில் இருந்ததால் இரண்டாவது வாரமே கண்டுபிடிக்கப்பட்டது. "மாத்திரைச் சீட்டைக் காட்டினாத்தான் ஜமுக்காளத்துல இடம்" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். நண்பர் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் வரவில்லை. பிறகு சீட்டோடு வந்தார்.

இன்னொரு சம்பவம். எண்ணெய் வியாபாரம் செய்யும் ஒருவர், வயது நாற்பத்தெட்டு. காலை வகுப்பில் கையைத் தூக்கும்போது மார்பில் ஏதோ அழுத்துகிறது, இடது தாடையில் இழுக்கிறது என்றார். வாயுவாக இருக்கும், கொஞ்சம் பவன முக்தாசனம் செய்தால் சரியாகிவிடும் என்று பக்கத்தில் இருந்தவர் யோசனை சொன்னார். மாஸ்டர் அதை ஏற்கவில்லை. வகுப்பை நிறுத்திவிட்டு 108க்குப் போன் செய்யச் சொன்னார். அவரை நடக்க விடாமல் உட்கார வைத்தார். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று உறுதியாகி, அன்றைக்கே அடைப்பு நீக்கப்பட்டது. நாம் சந்தித்தபோது அவர் கூடத்தின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். இதய மருத்துவர் அனுமதித்த அளவுக்கு மட்டும்.

"யோகா உங்களைக் காப்பாத்திருச்சு என்று சொல்லலாமா?" என்று கேட்டோம். "யோகா காப்பாத்தலை. யோகா வாத்தியார் காப்பாத்தினார். வீட்டுல இருந்திருந்தா ஒரு சோடா குடிச்சிட்டுக் கடைக்குப் போயிருப்பேன்" என்றார்.

சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். எப்போது என்ன சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சட்டைப் பையில் நாலு கற்கண்டு வைத்திருப்பதும் நல்லது. கண்ணில் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும், இரத்தக் கொதிப்பு அடங்காதவர்களும் சிரசாசனம் போன்ற தலைகீழ் நிலைகளுக்குப் போகக்கூடாது. குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் வயிற்றை வேகமாக உதைத்து மூச்சு விடும் கபாலபாதி ஆகாது.

நாற்காலி வந்த வழி

யோகம் நமக்குப் புதிதல்ல. பதஞ்சலியின் சூத்திரங்கள் வடமொழியில் இருந்தால், திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைத் தமிழில் விளக்குகிறது. ஆனால் இன்று தெருமுனை வகுப்புகளில் நாம் காணும் முறை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் உருவானது. மைசூர் அரண்மனையில் யோக சாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியார் பின்னாளில் சென்னையில் வந்து தங்கி, 1989இல் நூறு வயதைக் கடந்து மறைந்தார். ஆளுக்கேற்றபடி ஆசனத்தை மாற்ற வேண்டுமே தவிர ஆசனத்துக்கு ஏற்றபடி ஆளை முறுக்கக்கூடாது என்பது அவர் வழியில் வந்தவர்கள் வற்புறுத்தும் கொள்கை. அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார். அவரது மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் நாற்காலி, கயிறு, கட்டை, போர்வை ஆகியவற்றை வைத்து, வளையாத உடம்புக்காரரும் ஆசனம் செய்ய வழி கண்டார். அவர் 2014இல் காலமானார். வெங்காய மண்டி மாடியில் அடுக்கி வைத்திருக்கும் மடக்கு நாற்காலிகள் அந்த வழியில் வந்தவைதாம்.

நம் ஊர்ப் பக்கத்தில் பலரை உடற்பயிற்சிக்குக் கொண்டுவந்தவர் வேதாத்திரி மகரிஷி. கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியை இன்றும் சிற்றூர்களில்கூடக் கற்றுத் தருகிறார்கள். 2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21ஐ யோகா தினமாக அறிவித்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. அந்த ஒரு நாள் புகைப்படத்தோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு.

கல்லாவில் கோபம்

உடம்பு வலிக்காக வந்தவர்கள் பலரும் எதிர்பாராத ஒரு பலனைச் சொன்னார்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெதுவாக விடும் பயிற்சியை ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் பத்து நிமிடம் செய்கிறார்கள். பிறகு சாந்தி ஆசனத்தில் படுக்கை. முதல் மாதம் அந்தப் படுக்கையில் பாதிப் பேர் குறட்டை விடுவார்களாம். மாஸ்டர் எழுப்புவதில்லை. "கடன்பட்ட தூக்கம், வசூலாகட்டும்" என்பாராம்.

கடன் கொடுத்த பணம் வராது. கொள்முதல் பணம் கட்ட வேண்டிய தேதி தள்ளாது. எதிர்ச் சாரியில் பெரிய கடை வந்துவிட்டது. வீட்டுக்கே சரக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிகள் வேறு. இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு நாலு ரூபாய்ச் சில்லறைக்காக வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒரு பலசரக்குக் கடைக்காரர் சொன்னார்: "கடன் நோட்டு அப்படியேதான் இருக்கு. மூச்சு விட்டா பாக்கி வசூலாயிடுமா? ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அதை நினைக்கறது நின்னுபோச்சு. காலையில எழுந்து யாரைப் போய்ப் பார்க்கணும், எப்படிக் கேட்கணும்னு யோசிக்க முடியுது."

விட்டுப் போனவர்கள்

வந்தவர் எல்லோரும் நிலைத்துவிட்டார்கள் என்று எழுதினால் அது விளம்பரமாகிவிடும். ஆண்டுத் தொடக்கத்தில் சேருகிறவர்களில் பாதிக்குமேல் தீபாவளிக்குள் நின்றுவிடுகிறார்கள் என்று மாஸ்டரே சொல்கிறார். நின்றவர்கள் இருவரிடம் பேசினோம்.

ஒருவர் நாட்டு மருந்துக் கடைக்காரர். ஒரே மாதத்தில் தொந்தி கரையும் என்று நினைத்து வந்தார். கரையவில்லை. "சாப்பாட்டைக் குறைன்னாரு. அதுக்கு எதுக்குக் காசு கொடுத்துப் படிக்கணும்?" என்கிறார். மற்றவர் முழங்கால் தேய்மானம் உள்ளவர். வேறொரு வகுப்பில் வலியைப் பொறுத்துக்கொண்டு வஜ்ராசனத்தில் உட்கார வைத்ததில் மூட்டு வீங்கி மூன்று வாரம் கடைக்கே போக முடியவில்லை. அதனால் யோகா என்றாலே பயம் வந்துவிட்டது. முதலாமவரின் குறை எதிர்பார்ப்பில் இருக்கிறது. இரண்டாமவரின் குறை கற்றுக்கொடுத்தவரிடம் இருக்கிறது. நீட்டும்போது தசை இழுப்பது வேறு, மூட்டுக்குள் குத்துவது வேறு. குத்தினால் நிறுத்த வேண்டும். வலிக்க வலிக்கச் செய்தால்தான் பலன் என்று சொல்கிற ஆசிரியரிடம் இரண்டாம் நாள் போக வேண்டியதில்லை.

நிற்பதற்குப் பொதுவான காரணம் வேறொன்று. கடையை யார் பார்த்துக்கொள்வது? கல்லாவை ஒப்படைக்க ஆள் இல்லை என்பதே நம் தொழிலின் பெரிய நோய். எண்ணெய் வியாபாரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தபோது கடையை நடத்தியவர் அவருடைய கணக்கப்பிள்ளை. "ஒரு நாள் சில்லறை வித்தியாசம் வரலைங்க. இவனை நம்பி ஒரு மணி நேரம் விட்டுட்டுப் போக இத்தனை வருஷம் யோசிச்சேனே!" என்று அவர் சொன்னபோது சுற்றி இருந்தவர்கள் பேசவில்லை. ஒரு மணி நேரம் கல்லாவை மகனிடமோ மகளிடமோ மனைவியிடமோ நம்பிக்கையான பணியாளிடமோ விட்டுப் பழகுவது உடம்புக்கு மட்டுமல்ல, கடைக்கும் பாதுகாப்பு.

கட்டணமும் வரியும்

இந்த வகுப்பில் மாதம் 500 ரூபாய் வாங்குகிறார்கள். சுமைத் தொழிலாளர்களுக்குக் கட்டணம் இல்லை. முதலாளியும் லோடுமேனும் ஒரே ஜமுக்காளத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுப்பதைப் பார்த்தோம். ஜி.எஸ்.டி. கேட்பார்களா என்று சிலர் கேட்கிறார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் உள்ள சிறு வகுப்புகள் பொதுவாகப் பதிவுக்குள் வருவதில்லை. பெரிய உடற்பயிற்சி நிலையங்கள், யோகா நிலையங்களுக்கு இருந்த 18 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டு முழுமைக்கும் முன்பணம் கட்டச் சொல்லும் இடங்களில் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டிப் பார்ப்பது வியாபாரிக்கு அழகு. மாதிரி பார்க்காமல் சரக்கு எடுப்போமா?

கடையிலேயே செய்யக்கூடியவை

வகுப்புக்குப் போக முடியாதவர்களுக்காக மாஸ்டர் சொன்ன ஐந்து குறிப்புகள்:

1. அரை மணிக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். நிற்பவர் இரண்டு நிமிடம் உட்காரட்டும், உட்கார்ந்தவர் எழுந்து நிற்கட்டும்.

2. அதிகம் விற்கும் சரக்கை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வையுங்கள். கனமானதைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு உயர்த்தி வையுங்கள்.

3. மூட்டை எடுக்கும்போது முழங்காலை மடக்குங்கள், சுமையை வயிற்றோடு அணையுங்கள், திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வையுங்கள்.

4. கூட்டம் இல்லாத நேரத்தில் குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குங்கள். இரண்டு கைகளையும் கோத்துத் தலைக்கு மேல் நீட்டி மூன்று மூச்சு விடுங்கள்.

5. ஷட்டரை இறக்கிய பிறகு, வீட்டுக்குப் புறப்படும் முன், ஐந்து நிமிடம் கண்ணை மூடி மூச்சை மெதுவாக விடுங்கள். கடைக் கணக்கைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போக அது உதவும்.

நம் சங்கங்கள் பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது. மாதக் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் தவிர மற்ற நாட்களில் கூடம் பூட்டியே கிடக்கிறது. காலையில் ஒரு மணி நேரம், பிற்பகலில் ஒரு மணி நேரம் திறந்து விட்டால் போதும். தகுதியான ஓர் ஆசிரியர், நாலு ஜமுக்காளம், பத்து நாற்காலி, ஓர் இரத்த அழுத்தக் கருவி ஆகியவை ஒரு ஆண்டுவிழாப் பந்தல் செலவுக்குள் அடங்கிவிடும். உறுப்பினர்களோடு அவர்கள் குடும்பத்தாருக்கும், கடைப் பணியாளர்களுக்கும், சுமை தூக்கும் தோழர்களுக்கும் அதில் இடம் தர வேண்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து விவாதிக்குமாறு எல்லாச் சங்க நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.